மூன்று கல் அகலம்

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே கோடு போட்டுக்கொண்டு போனாள். கையில் தையல்காரர்கள் துணியில் குறிக்கும் நீலச் சாக்குக்கட்டி. அவளுடைய அறைக்குள்ளிருந்து தொடங்கிய கோடு நடுவீட்டைக் கடந்தது. அம்மாவின் அரிசிப் பானையை ஒட்டி வளைந்தது. முன்னறைக்குள் நுழைந்து, அத்தாவின் சாய்வு நாற்காலிக்கு அடியில் புகுந்து, தெருக்கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பிறகு அவள் திரும்பி, இரண்டடி தள்ளி, அதற்கு இணையாக இன்னொரு கோடு இழுக்கத் தொடங்கினாள்.

அஸர் தொழுகை முடிந்து வந்த அத்தா செருப்பைக் கழற்றியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னாம்மா இது, ஊட்டுக்குள்ள ரயில் ரோடு போடுற?"

"எஸ்டிமேட் அத்தா," என்றாள் அக்கா, நிமிராமல். "தம்பி பேப்பர்ல போட்டான். நான் தரையில போடுறேன்."

"என் நாற்காலிக்கு அடியில போவுதே."

"நாற்காலி எஸ்டிமேட்ல இல்ல."

அத்தா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

இது அறுபதுகளின் நடுவில், மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால். கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய தெருவில், அகலம் குறைந்து நீளம் கூடிய எங்கள் வீடு. அன்றைய டைரியில் "வானம் மூட்டம். ஜமீலா அக்கா கோடு போட்டாள்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் டைரி பார்க்காமலே நினைவிருக்கிறது.

தரையும் உள்ளங்கையும்

ஜமீலா அக்காவுக்கு நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. உட்கார்ந்தபடி, கைகளைத் தரையில் ஊன்றி, உடம்பை முன்னுக்குத் தள்ளித்தான் வீட்டுக்குள் போய்வருவாள். நான் பிறந்தபோதே அவள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள் என்பதால், எனக்கு வெகுகாலம் அதில் புதுமை எதுவும் தெரியவில்லை.

வீட்டில் அதிகம் காதில் விழுந்த வாக்கியம் ஒன்று உண்டு. தண்ணீர்க் குடத்தோடு வரும் அம்மா சொல்வாள். பாய் விரிக்க வருகிறவர் சொல்வார். விருந்தாளி வந்தால் அவரும் சொல்வார். "ஜமீலா, கொஞ்சம் ஒத்திக்கம்மா." யாரும் கடுமையாகச் சொன்னதில்லை. அவள் தரையில் இருந்தாள், மற்றவர்கள் நடந்தார்கள், அதனால் அவள் ஒதுங்கினாள்.

அவளுக்குத் தையல் கைவந்திருந்தது. கையால் சுற்றும் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் ரவிக்கையும் பாவாடையும் தைத்தாள். கழுத்து வெட்டுவதில் அவளுக்கு நிகர் கடைத்தெருவிலும் இல்லை என்று பேர். ஆனால் கல்யாணப் பட்டு மட்டும் அவளிடம் வரவில்லை.

அதற்குக் காரணம் தரை. எங்கள் வீட்டுச் சுண்ணாம்புத் தரை பெயர்ந்து, மணல் கிளம்பி, அங்கங்கே குழி விழுந்திருந்தது. அதில் வருடக்கணக்காகக் கை ஊன்றியதில் அவள் உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. சாதாரணத் துணிக்கு அது பெரிதில்லை. பட்டில் அந்தக் கை பட்டால் இழை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை மாம்பழ நிறப் பட்டு ஒன்றில் அப்படி ஆகி, துணிக்குச் சொந்தக்கார அம்மா இழையை நீவிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். அக்கா அன்று முழுக்க உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு சங்கடம் வெளிச்சம். அவள் அறை வீட்டின் பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். முன்னறை ஜன்னலில் பகலெல்லாம் நல்ல வெளிச்சம். மதியத்துக்கு மேல் ஆண்கள் யாரும் அங்கே இருக்கமாட்டோம். தைக்கும் கையில் மணல் ஒட்டாமலிருக்க, அம்மாவும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னறையில் விட்டால் தைப்பாள். நான் ஆபீஸ் போகத் தொடங்கியபின் அம்மா தனியாகத் தூக்கினாள். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன்பின் அக்கா இருட்டிலேயே தைத்தாள்.

முன்னறை எஸ்டிமேட்

அம்மா ஒரு சீட்டுக் கட்டிவந்தாள். அக்கா தைத்துச் சம்பாதித்ததில் மிச்சம் பிடித்துக் கட்டியது. அந்த வருடம் அது இருநூறு ரூபாயாக எங்கள் கைக்கு வந்தது. தரை போடலாம் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம். எந்தத் தரை என்பதில்தான் வாய்கள் பிரிந்தன.

மங்கலம்பேட்டையிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. வெற்றிலை மண்டி வைத்திருந்தவர். எதைப் பேசினாலும் வெற்றிலைக் கவுளியைத் திருப்பிப் பார்ப்பதுபோல அடிப்பக்கத்தையும் பார்த்துப் பேசுவார். எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஊரிலேயே ஒரு இடம் இருக்கிறது, நோன்புப் பெருநாள் கழித்து அவர்கள் வீடு பார்க்க வருவார்கள், முன்னறைத் தரைக்குப் பூக்கல் போட்டுவிட்டால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி என்றார். அத்தாவும் தலையாட்டினார். கெடிலம் ஆற்றங்கரையில் விறகுத் தொட்டி வைத்து விறகு விற்றுவந்த அவருக்கு, தம் வீட்டுக்கு வருகிறவர்கள் தம்மை விறகோடு சேர்த்து எடை போடுகிறார்கள் என்று ஒரு எண்ணம் எப்போதும் உண்டு.

நான் அப்போது ஒரு ஓவர்சீயர் ஆபீஸில் எஸ்டிமேட்டுகளுக்கு நகல் எடுக்கும் குமாஸ்தா. ஆகவே கணக்கு என்னிடம் வந்தது. முன்னறை பதினாலடிக்குப் பன்னிரண்டடி. எட்டங்குலச் சிமெண்ட் கல் முந்நூற்று எழுபத்தெட்டு வேண்டும். கல் ஒன்று முப்பது பைசா. மணல், சுண்ணாம்பு, சிமெண்ட், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, வண்டிக் கூலி, உடைந்து போவதற்குக் கொஞ்சம். கூட்டினால் இருநூற்று முப்பத்திரண்டு. மீதி முப்பத்திரண்டைத் தான் போடுவதாக மாமா சொன்னார்.

தாளை அக்காவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் ரூம் ரூமாவே கணக்குப் போட்டிருக்கியே தம்பி. நான் ரூம் பூரா போவ மாட்டேன். எனக்கு வழிதான் வேணும்."

மறுநாள்தான் அந்த நீலக் கோடு.

இரண்டடி என்றால் மூன்று கல் அகலம். அவள் அறையிலிருந்து முன்னறை வரை ஒரு பாதை. முன்னறை ஜன்னலடியில் மெஷினுக்கும் துணிக்கும் ஆறடிச் சதுரம். அவ்வளவுதான். நான் உட்கார்ந்து மறுபடி கூட்டினேன். முந்நூற்று ஆறு கல். சுண்ணாம்புத் தரையைப் பாதை அளவுக்கு மட்டும் கொத்தினால் போதும். இருநூறுக்குள் அடங்கியது.

மாமா கோட்டின் மேல் நடந்து பார்த்தார். "வர்றவங்க என்னா நெனைப்பாங்க? காசு பத்தாம பாதியில உட்டுட்டாங்கன்னு நெனைப்பாங்க."

அம்மா சமையலறையிலிருந்து, யாரையும் பார்க்காமல், அது யார் சீட்டுப் பணம் என்று மட்டும் கேட்டாள். மாமா கோட்டை விட்டு விலகினார். அத்தா சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

பட்டுத் துண்டு

கல் வாங்கச் சிதம்பரம் போனேன். அங்கே ஒரு பட்டறையில் விலை மலிவு என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். புவனகிரி தாண்டும்போது வெள்ளாற்றில் புதுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மடியில் கீரைக்கட்டு. வழியெல்லாம் அதன் ஈரவாசம்.

சட்டைப் பையில் அக்கா கொடுத்த ஒரு பட்டுத் துண்டு இருந்தது. வெட்டு மிச்சம், கைக்குட்டை அளவு. கல்லின் முகத்திலும் விளிம்பிலும் அதை ஓட்டிப் பார், இழை பிடித்தால் அந்தக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

பட்டறைக்காரர் உரத்த குரல்காரர். கொட்டகைக்குள் இரும்பு அச்சில் கலர்ச் சாந்தை ஊற்றி, மேலே சிமெண்ட் தூவி, திருகை இறுக்கி இறுக்கிக் கல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தொட்டியில் புதுக் கற்கள் தண்ணீரில் ஊறின. சுவரோரமாக ஒரு குவியல் கிடந்தது. பூ இடம்மாறியவை, பச்சை வெளுத்தவை, ஒரே கல்லில் இரண்டு நிறம் கலந்தவை. கழித்த கல் என்றார். பன்னிரண்டு பைசா. மாட்டுத் தொழுவத்துக்கு வாங்கிப் போவார்களாம்.

நான் அந்தக் குவியலின் முன் குந்தி உட்கார்ந்து பட்டுத் துண்டை எடுத்தேன். ஒரு கல்லை எடுப்பது, முகத்தில் ஓட்டுவது, நாலு விளிம்பிலும் ஓட்டுவது. பட்டு வழுக்கினால் வலப்பக்கம், பிடித்தால் இடப்பக்கம். பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்னா சார், கல்லுக்கு ரவிக்கை தைக்கப் போறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து கல்லை எடுத்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். நிறம் கெட்டிருந்ததே தவிர, பெரும்பாலான கற்களின் விளிம்பு சுத்தமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நானூறு கல் தேறியது. கடலூருக்குக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்றையும் அவரே பேசி, வைக்கோல் பரப்பி ஏற்றிவிட்டார்.

மிச்சமான பணத்தில் பாதை பின்பக்கமாகவும் நீண்டது. அக்கா அறையிலிருந்து கொல்லைக் கதவைத் தாண்டிக் குளியலறை வரை. அது அவள் முதல் கோட்டில் இல்லை. கேட்டால் அதிகம் என்று நினைத்துக் கேட்காமல் விட்டிருந்தாள் என்பது, நான் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

கற்களை அவளே அடுக்கினாள். வாளித் தண்ணீர் தெளித்து நிறம் பார்த்து, பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்தில் சாம்பல் என்று துணி சேர்ப்பதுபோல. சிவப்பை மட்டும் தனியாக ஒதுக்கினாள். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் இரண்டு வரிசை சிவப்பு. சிவப்பு வந்தால் கதவு வருகிறது, மெதுவாகப் போகவேண்டும் என்று கொத்தனார் அந்தோணியிடம் விளக்கினாள். அவர் தேவாலயத் தரைக்குக் கல் போட்டவர். ரயிலுக்கு வைத்த சிக்னலை வீட்டுக்குள் வைத்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார்.

மூன்று படிகள்

அத்தனை பேர் சேர்ந்து, அத்தனை கணக்குப் போட்டு, ஒன்றை மறந்தோம்.

தரை காய்ந்து, ஈரச் சாக்கை எடுத்த அன்று, லாரி பட்டறையிலிருந்து நாலு பழைய பேரிங் வாங்கிச் சக்கரமாக நான் அடித்து வைத்திருந்த பலகையில் அக்கா ஏறி உட்கார்ந்தாள். தன் அறைக்குள் ஒருமுறை கைகளால் தள்ளினாள். பேரிங் கல்லின் மேல் பாடியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அக்கா சிவப்புக் கல் வந்ததும் மெதுவாக்கினாள். கதவுக்கு வந்தாள். டக்கென்று இடித்து நின்றாள்.

நிலைப்படி. கதவு நிலையின் கீழ்க்கட்டை, தரையிலிருந்து நாலு விரல் உயரம். அவள் அறைக்கு ஒன்று, நடுவீட்டுக்கும் முன்னறைக்கும் இடையில் ஒன்று, கொல்லைக் கதவுக்கு ஒன்று. நடக்கிறவர்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. அந்தோணி இரண்டு பக்கமும் படியை ஒட்டி அழகாகக் கல் பதித்திருந்தார். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

"எனக்கே தோணலியே தம்பி," என்றாள் அக்கா. "கையால எம்பி எம்பித் தாண்டிப் பழக்கம். பலகைக்குக் கையில்லன்னு நெனைக்கல."

படியின் இரு பக்கமும் சாய்வுப் பலகை வைத்துப் பார்த்தோம். அவளால் ஏற முடியவில்லை. பின்னாலிருந்து தள்ளி ஏற்றினால், இறங்கும்போது சக்கரப் பலகை அவளையும் கொண்டு ஓடிப்போய் அரிசிப் பானையில் மோதியது. படியை அறுக்கலாமா என்று ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கேட்ட கூலி எங்களிடம் மிஞ்சியிருந்ததைப்போல் மூன்று மடங்கு. அத்தாவோ கூலியைப் பற்றியே பேசவில்லை.

"நெலையில கை வெக்கக் கூடாது. கீழ்க்கட்ட இல்லாத நெலை நாளைக்கு ஆட ஆரம்பிக்கும். மரம் எனக்குத் தெரியும்."

மரத்தைப் பற்றி அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

ரம்பம்

அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பலகையில் கதவு வரை வருவாள். இறங்குவாள். பலகையைத் தூக்கிப் படிக்கு அந்தப் பக்கம் வைப்பாள். கைகளை ஊன்றி எம்பிப் படியைத் தாண்டுவாள். மறுபடி பலகையில் ஏறுவாள். முன்னறைக்கு வர இரண்டு தடவை இப்படி. கொல்லைக்குப் போக ஒரு தடவை.

அத்தா அதைச் சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்தார். ஒருநாள் காலை அவர் கையில் டீ இருந்தது. அக்கா நடுவீட்டுப் படியில் பலகையைத் தூக்கும்போது அது கைநழுவி அவள் விரலில் விழுந்தது. அவள் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி தூக்கினாள். அத்தா டீயைக் குடிக்கவில்லை. ஆடை படிந்த டம்ளரை அம்மா எடுத்துப்போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் நேரே வீட்டுக்கு வரவில்லை. விறகுத் தொட்டிக்குப் போய், பெரிய ரம்பத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பெண் வீட்டார் வரும் நாளைச் சொல்ல மாமாவும் அன்று வந்திருந்தார். அத்தா சட்டையைக் கழற்றிவிட்டு அக்கா அறைப் படிக்கு முன்னால் மண்டி போட்டதைப் பார்த்ததும் மாமா எழுந்துவிட்டார்.

"மச்சான், நெலைய அறுக்காதீங்க. நல்ல காரியம் பேச வர்ற நேரத்துல படி இல்லாத ஊடாக்கி வெச்சா, வர்றவங்க என்னா நெனைப்பாங்க?"

"தடுக்கி விழாம வந்தோம்னு நெனைப்பாங்க. அந்தப் பக்கம் புடிங்க மச்சான்."

மாமாவும் சட்டையைக் கழற்றினார்.

வேங்கை மரம், லேசில் அறுபடவில்லை. மரத்தூள் சிவப்பாகக் கொட்டியது. ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டே, வெற்றிலை மண்டிக்காரருக்கு ரம்பம் பிடிக்கத் தெரியவில்லை என்று அத்தாவும், விறகுக்காரர் ஓசியில் வேலை வாங்குகிறார் என்று மாமாவும் பேசிக்கொண்டே போனார்கள். நிலை ஆடாமலிருக்க அத்தா ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார். அந்த மூன்று நிலைகளும் இன்றுவரை ஆடவில்லை.

உடைவதற்கென்று நான் கூட்டி வாங்கியதில் மிஞ்சிய கற்கள், படி இருந்த இடங்களுக்குப் போயின. மூன்றாவது கதவுக்கு இரண்டு கல் குறைந்தது. அதற்காகச் சிதம்பரத்துக்குப் போக முடியாது. அந்தோணி காவி கலந்த சிமெண்டைப் பூசி மெழுகிவிட்டார்.

மங்கலம்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். ஆண்கள் முன்னறையில் பழைய தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, பாதை ஏன் இப்படி என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் அந்தப் பாதை வழியாகவே உள்ளே போய், அக்காவோடு உட்கார்ந்து ரவிக்கைக் கழுத்துகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார்கள். மூன்று மாதத்தில் கல்யாணம். என் மனைவியின் கல்யாணப் பட்டு ரவிக்கையை அக்காதான் தைத்தாள். அதற்குள் அவள் உள்ளங்கை பாதி மெத்தென்று ஆகியிருந்தது. ஓர் இழைகூட இழுக்கவில்லை. இதை என் மனைவி சொல்லித்தான் எழுதுகிறேன்.

ஆனால் நான் முடிக்க நினைத்தது அதற்கு முந்திய ஒரு காலை. படிகள் போன இடத்தில் சிமெண்ட் காய்ந்து, சாக்கு எடுத்த காலை.

அத்தா வழக்கம்போல முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்காலி வழக்கமான இடத்தில், பாதையின் மேலேயே இருந்தது; அதுவரை அக்கா பலகையை விட்டிறங்கி அதைச் சுற்றித்தான் போனாள். வேறிடத்தில் அதைப் போடவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. உள்ளே பேரிங் சத்தம் தொடங்கியது. அக்கா அறைக்குள் சுற்றும் சத்தம். பிறகு கதவில் நிற்க வேண்டிய சத்தம் நிற்காமல் நடுவீட்டுக்கு வந்தது. அரிசிப் பானையருகில் வளைந்தது. சிவப்புக் கல்லில் மெதுவானது. பிறகு முன்னறைக்குள், நிற்காமல், நேராக.

நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் அக்கா நின்றாள். மூச்சு வாங்கியது. பேப்பருக்கு மேலாக அத்தாவின் கண்கள் தெரிந்தன.

"அத்தா," என்றாள் அக்கா, "கொஞ்சம் ஒத்திக்கங்க."

அவர் பேப்பரை மடித்தார். எழுந்தார். நாற்காலியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய சுண்ணாம்புத் தரையில் போட்டு, அது ஆடுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா ஜன்னலடிக்குப் போய்த் துணியை விரித்தாள்.